ஏற்காடு இறக்கத்தில் மஞ்சள் விளக்கு மின்னியது. காரை அடக்க எங்கே போய்க் கற்பது?

செவ்வாய்ப்பேட்டை பையன் | ஞாயிறு இரவு 9:40

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு மாதம் முன்பு போர்ஷே 718 கேமன் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டு லிட்டர் டர்போ, 300 குதிரைத்திறன், இன்ஜின் முதுகுக்குப் பின்னால். வீட்டில் திட்டு இன்னும் ஓயவில்லை, அது தனிக் கதை. ஓமலூர் பைபாஸில் நாலு தடவை போய்வந்துவிட்டு, நமக்கு ஓட்டத் தெரியும் என்ற நினைப்பில்தான் இருந்தேன்.

இன்று காலை ஏற்காடு போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். லேசான தூறல். பாதி மலை இறங்கியிருப்பேன். கொண்டை ஊசி வளைவுகூட இல்லை, இரண்டுக்கும் நடுவே வரும் சாதாரண வளைவு. வேகம் 45-ஐத் தாண்டியிருக்காது. வளைவுக்குள் நுழைந்த பிறகு எதிரே மினி பஸ். ஆக்சிலேட்டரில் இருந்து வெடுக்கென்று காலை எடுத்து பிரேக்கைத் தொட்டேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது, வால் ஓர் அடி வெளியே போன மாதிரி. மீட்டரில் மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னியது. அடுத்த நொடி கார் நிமிர்ந்துவிட்டது. மினி பஸ்காரர் ஒன்றும் நடக்காதது போலப் போய்விட்டார். நான் அடிவாரம் வந்து டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வழுக்கியதுகூடப் பரவாயில்லை. கார் நிமிர்ந்ததில் என் பங்கு என்று ஒன்றுமே இல்லை, அதுதான் உறுத்துகிறது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்றுகூட ஞாபகம் இல்லை.

அமெரிக்காவில் காலியான பெரிய பார்க்கிங் இடத்தில் கோன் அடுக்கி ஆட்டோகிராஸ் ஓட்டுகிறார்கள் என்று படித்தேன். சேலம் பக்கம் அப்படிக் கற்க வழி உண்டா? என் காரிலேயே கற்க முடியுமா?


நாகலூர் காபி | ஞாயிறு இரவு 9:58

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மலையில் குடியிருப்பவர்கள். அந்த இருபது கொண்டை ஊசி வளைவும் எங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போகிற வழி. குப்பனூர் வழி ஒன்று இருக்கிறது, உண்மைதான், ஆனால் அதிலும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை காலை சைலன்சர் சத்தம் கேட்டாலே எங்கள் அம்மா கேட்டுக்கு வெளியே போக மாட்டார்.

நீங்கள் வேகமாகப் போகவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் "மலையிலேயே நாலு ரவுண்டு அடித்தால் தானாக வந்துவிடும்" என்று யாராவது பதில் போடுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.


பஸ்காரர் மகன் | ஞாயிறு இரவு 10:15

அக்கா சொல்வது சரி. அதோடு ஒன்று.

எங்கள் அப்பா இருபது வருடத்துக்கு மேல் சேலம் – ஏற்காடு பஸ் ஓட்டியவர். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "எல்லா வேலையையும் வளைவுக்கு முன்னாடியே முடிச்சிடு. உள்ளே போனப்புறம் காலு பேசக் கூடாது." பிரேக், கியர், ஹாரன் எல்லாம் வளைவு தெரிவதற்கு முன்பே முடிந்துவிடும். ஏறிவருகிற வண்டிக்கு இறங்குகிறவன் நின்று வழிவிட வேண்டும் என்பதையும் அவர் ஒருநாளும் விட்டதில்லை.

உங்கள் கதையில் கால் வளைவுக்குள் போய்ப் பேசிவிட்டது. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் விளக்கட்டும்.


டயர்க்கடை | ஞாயிறு இரவு 10:31

விளக்கமெல்லாம் அப்புறம். தம்பி, செல்போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் நாலு டயரின் பக்கவாட்டிலும் பாருங்கள். டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். அதைப் படித்துச் சொல்லுங்கள்.


செவ்வாய்ப்பேட்டை பையன் | ஞாயிறு இரவு 10:52

முன்னால் இரண்டும் 1122. பின்னால் இரண்டும் 3218. பட்டன் ஆழம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.


டயர்க்கடை | ஞாயிறு இரவு 10:58

நினைத்தேன். 3218 என்றால் 2018-ஆம் வருடத்தின் 32-ஆம் வாரம். கார் பிறந்தபோது போட்ட டயர். முதல் ஆள் அதிகம் ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தியிருப்பார், அதனால்தான் பட்டன் தேயவில்லை. ரப்பர் ஓட்டாவிட்டாலும் வயதாகும். இறுகிப்போன ரப்பர் ஈரத் தாரில் கண்ணாடியில் வைத்த செருப்பு மாதிரி.

இரண்டு டயர்தான் புதிது வாங்கப் பணம் இருக்கிறது என்றால் அதைப் பின்னால் போட வேண்டும் என்பது டயர்க்காரர்கள் எல்லோரும் சொல்கிற விதி. உங்கள் காரில் முன்னும் பின்னும் அளவே வேறு, மாற்றிப் போடவும் வழியில்லை. பின் டயர் விலை கூடுதல் என்பதால் முந்தைய உரிமையாளர் முன்னால் மட்டும் மாற்றி விற்றுவிட்டார். கடையில் இதைத் தினமும் பார்க்கிறேன்.

டயர் மாற்றும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள். கற்பதெல்லாம் அதற்குப் பிறகு.


பழைய கியர் | திங்கள் காலை 6:20

டயர்க்கடைக்காரர் பாதி நோயைக் கண்டுபிடித்துவிட்டார். மீதிப் பாதி கால். நான் சொல்லிவிடுகிறேன். வயதானவன், நீளமாகத்தான் எழுதுவேன்.

நாலு டயரும் தரையைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ உள்ளங்கை அளவுதான். காருக்கும் பூமிக்கும் உள்ள உறவு மொத்தமும் அந்த நாலு உள்ளங்கை. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கிரிப் மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கும் திரும்புவதற்கும் வேகமெடுப்பதற்கும் அந்த ஒரே சம்பளத்தில் இருந்துதான் செலவு. முழுச் சம்பளத்தையும் திரும்புவதற்கே கொடுத்துக்கொண்டிருக்கும்போது பிரேக்கும் வந்து கை நீட்டினால், டயர் கையை விரித்துவிடும்.

அந்தச் சம்பளமும் நிலையானதில்லை. டயர் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறதோ அதைப் பொறுத்தது. இறக்கத்தில் எடை ஏற்கெனவே முன்பக்கம் சாய்ந்திருக்கும். தம்பி வெடுக்கென்று கால் எடுத்து பிரேக்கும் தொட்டதும் இன்னும் முன்னே சாய்ந்தது. பின் டயர்கள் லேசாகிவிட்டன. அதுவும் 2018-ஆம் வருடத்து டயர், அதுவும் ஈரம். வால் வெளியே போகாமல் என்ன செய்யும்? அந்த நேரத்தில் காரில் இருக்கும் கணினி வெளிப்பக்க முன்சக்கரத்தைத் தனியாகப் பிரேக் பிடித்து மூக்கை இழுத்து நிமிர்த்தியிருக்கிறது. மஞ்சள் விளக்கு மின்னியது அந்த வேலைக்குத்தான்.

இப்போது 300 குதிரை பற்றி. தரையில் 15 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். நல்ல காய்ந்த தளத்தில் நல்ல டயர் போட்ட கார் அந்த வட்டத்தில் மணிக்கு 44 கிலோமீட்டர் வாக்கில்தான் சுற்ற முடியும். ஈரமாகிப் பிடி பாதியானால் 31. அந்தக் கணக்கில் வட்டத்தின் ஆரமும் டயரின் பிடியும் மட்டும்தான் வருகின்றன, இன்ஜின் எங்கேயும் வரவில்லை. தம்பியின் காரும் என் பழைய ஸ்விஃப்டும் அந்த வட்டத்தில் ஏறத்தாழ அண்ணன் தம்பிதான். பெரிய இன்ஜினால் அந்த எல்லைக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம், அதற்கு மேல் அது ஒன்றும் தராது.

சென்னைப் பக்கம் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஓரமாக நின்று பார்த்தவன் நான். அங்கே ஓடிய பாதிக் கார்கள் வீட்டு வாசலில் நிற்கிற ரகம்தான். பிறகு வந்த ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் இருந்தது மாருதி 800-ன் 796 சிசி இன்ஜின். ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் அதைத்தான் ஓட்டினார்.

ஆகவே என் யோசனை: முதலில் சின்ன காரில் கற்றுக்கொள்ளுங்கள்.


கோவைக்காரன் | திங்கள் காலை 9:05

சார் எழுதியது அருமை. ஆனால் இவ்வளவு யோசிப்பானேன்? சேலத்தில் இருந்து 160, 170 கிலோமீட்டரில் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அந்த ஃபார்முலா மாருதியை வடிவமைத்த கரிவரதன் பெயரில் உள்ள டிராக்தான். திறந்துவிடுகிற நாளில் பணம் கட்டி நாள் முழுக்க ஓட்டுங்கள். ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டுக் கோனைச் சுற்றுவது, யானையைக் கட்டி நெல் போரடிக்கிற மாதிரி.


ஓமலூர் டு டெட்ராய்ட் | திங்கள் மாலை 7:48

யானை கட்டிப் போரடித்தவர்களைத் தமிழன் பெருமையாகத்தான் சொல்வான், மறந்துவிடாதீர்கள். :)

இங்கே ஆறு வருடமாக ஆட்டோகிராஸ் ஓட்டுகிறேன், மாஸ்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார், ஒரு பழைய மியாட்டாவில். எஸ்.சி.சி.ஏ. என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் இதைச் சோலோ என்று நடத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெரிய காலி மைதானம், நூறு இருநூறு கோன். முதலில் எல்லோரும் பாதையை நடந்து பார்க்க வேண்டும். இதைச் சோம்பல்பட்டு விட்டவன் அன்றைக்குத் தேறவே மாட்டான். ஒரு நேரத்தில் ஒரு கார். ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கோனைத் தட்டினால் நேரத்தோடு 2 நொடி சேரும், இரண்டு கோனுக்கு நடுவே போக வேண்டிய வாசலைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் இல்லை. நம் முறை முடிந்ததும் வெயிலில் நின்று மற்றவர்கள் தட்டிய கோனை எடுத்து வைக்க வேண்டும். பாதிப் பாடம் அங்கேதான். இருபது பேர் ஒரே வளைவில் ஒரே தப்பைச் செய்வதை நின்று பார்த்தால், நம் தப்பு தானாகத் தெரியும்.

நாள் முழுக்கப் போனால் மொத்தம் ஐந்தாறு நிமிடம்தான் ஓட்டுவோம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஹைவேயில் வருடக்கணக்கில் தொடாத எல்லையை அந்த ஐந்து நிமிடத்தில் நாற்பது தடவை தொடுவோம்.

டிராக் நல்லதுதான், கோவைக்காரன். இரண்டாம் வருடம் போகட்டும். டிராக்கில் தப்பு செய்தால் நேர்க்கோட்டில் 150-ல் வந்து செய்வோம். கோன் மைதானத்தில் 40-ல் செய்வோம். பாடம் ஒன்றுதான், பீஸ்தான் வேறு. இன்னொன்று: டிராக்கில் பத்து வளைவையும் மனப்பாடம் செய்துவிடலாம். கோன் பாதை ஒவ்வொரு தடவையும் புதிது, அதனால் கண் வேலை செய்தே ஆக வேண்டும்.

நம் ஊரில் ஆட்டோகிராஸ் என்று போர்டு போட்டால் பெரும்பாலும் செம்மண் தரை. தாழ்வான கேமனோடு அங்கே போய்விடாதீர்கள்.


பாலிசி | திங்கள் இரவு 8:30

எல்லோரும் உற்சாகமாக இருக்கிறீர்கள், நடுவில் தண்ணீர் ஊற்ற வந்திருக்கிறேன். நம் ஊர் கார் பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்று ஒரு பகுதி உண்டு. ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்கெல்லாம் பாதுகாப்பு கிடையாது என்று அதில் அச்சிட்டே இருக்கும். டிராக்கில் ஆனாலும் கோன் மைதானத்தில் ஆனாலும் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தீர்கள் என்றால், அடிபட்டால் உங்கள் பாக்கெட் என்று எண்ணிக்கொண்டே போங்கள்.

பொதுச் சாலையில் போட்டி போட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.


குச்சிக்கிழங்கு | திங்கள் இரவு 9:12

இடம் நான் தருகிறேன்.

ஆத்தூர் ரோட்டில் எங்கள் மாமாவுக்கு ஒரு சேகோ ஆலை இருந்தது. இரண்டு வருடமாக ஓடவில்லை. ஜவ்வரிசி காயவைக்கிற சிமெண்ட் களம் மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, சுற்றிலும் சுவர், ஒரே கேட். முன்பு அதில் மாவு காய்ந்தால் நிலா வெளிச்சத்தில் கண் கூசும். இப்போது ஆடு மேய்கிறது.

மாமாவிடம் கேட்டேன். "பெட்ரோல் வாசனைக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை, சுவரை இடிக்காம இருந்தா சரி" என்றார். கிழக்கு ஓரத்தில் தண்ணீர் போக ஒரு கால்வாய் வெட்டியிருக்கிறது, அந்தப் பக்கம் தள்ளியே இருக்க வேண்டும்.


பழைய கியர் | செவ்வாய் காலை 5:55

தங்க இடம். சேகோ களம் சீராக இருக்கும், குழி இருக்காது. ஆனால் பழைய மாவுத்தூள் சிமெண்ட் இடுக்கில் இருக்கும், நனைந்தால் பசை மாதிரி ஆகிவிடும். முதல் நாள் காய்ந்த தளத்தில், பெருக்கிவிட்டு.

சுவரில் இருந்தும் கால்வாயில் இருந்தும் 15 மீட்டருக்குள் எந்தக் கோனும் வரக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கார். ஹெல்மெட் இல்லாதவன் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். தீயணைப்பான் இரண்டு. பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம் என்று யாராவது ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.


டயர்க்கடை | செவ்வாய் காலை 10:20

தம்பி பின் டயர் இரண்டும் நேற்றே ஆர்டர் கொடுத்துவிட்டார். போட்டதும் கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்டி மேல்பூச்சு போன பிறகே களத்துக்கு.

காற்று கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளின்படி குளிர்ந்த டயரில் அடித்து வாருங்கள். நான் ஒரு சாக்பீஸ் பெட்டி கொண்டுவருகிறேன். டயரின் தோள்பட்டையில் கோடு போட்டு, ஓட்டியபின் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால் காற்று கூடவா குறைவா என்று தெரியும். பக்கவாட்டு வரை அழிந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதவில்லை.


நாகலூர் காபி | செவ்வாய் காலை 11:02

நானும் வரலாமா? மஹிந்திரா ஜீப்தான் இருக்கிறது.


பழைய கியர் | செவ்வாய் காலை 11:30

தாராளமாக வாருங்கள் அம்மா. ஜீப்பை மட்டும் கேட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள். உயரமான வண்டி, கோனுக்குக் கோன் வளைத்தால் வழுக்காமல் நேரே கவிழ்ந்துவிடும். என் ஸ்விஃப்ட்டை ஓட்டுங்கள்.


செவ்வாய்ப்பேட்டை பையன் | ஞாயிறு மாலை 5:15

போய்வந்தாயிற்று. தோள்பட்டை வலிக்கிறது, கழுத்து வலிக்கிறது, ஒரு ஹெல்மெட் வாசனை மூக்கைவிட்டுப் போகவில்லை. எல்லாவற்றையும் எழுத முடியாது, எழுதுகிறவரை எழுதுகிறேன்.

காலை 6 மணிக்கு நாலு கார், ஒன்பது பேர். 26 கோன். தட்டினால் எங்கே இருந்தது என்று தெரிய ஒவ்வொரு கோனைச் சுற்றியும் கோலமாவில் கட்டம் போட்டார் குச்சிக்கிழங்கின் அத்தை. புள்ளி வைக்காத கோலம் இதுதான் முதல் தடவையாம்.

என்னைப் போர்ஷேயில் உட்காரவிடவில்லை. பழைய கியர் சாரின் ஸ்விஃப்ட். முதல் பாடம் பிரேக். 60-ல் போய், கோன் தாண்டியதும் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். சுலபம் என்று நினைத்தேன். முதல் தடவை நின்ற இடத்தை அளந்தால் 23 மீட்டர். சார் சொன்னார், கணக்குப்படி 14, 15-ல் நிற்க வேண்டும், மீதி எட்டு மீட்டர் உங்கள் காலின் கூச்சம் என்று. உண்மைதான். பிரேக்கை உடைத்துவிடுவேனோ என்ற பயத்தில் கால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பதினைந்து வருடமாக ஓட்டுகிறேன், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏ.பி.எஸ். காலுக்கடியில் தடதடவென்று உதைப்பதை இன்றைக்குத்தான் முதலில் உணர்ந்தேன். ஐந்தாவது தடவை 16. நாகலூர் அக்கா இரண்டாவது தடவையிலேயே 16-க்கு வந்துவிட்டார். "மாடு குறுக்கே வர்ற ஊர்ல ஓட்டறேன்" என்றார்.

80-ல் இருந்து என்றால் அதே காலுக்கு 28 மீட்டர் வேண்டுமாம், நினைத்து மிதிப்பதற்குள் போகிற இருபது மீட்டர் தனி. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. இதைப் பத்தாம் வகுப்பில் படித்தேன், இன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்தது வட்டம். இதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

15 மீட்டர் கயிறு கட்டி, சாக்பீஸால் வட்டம். முதலில் ஸ்விஃப்ட். 30, 35 வரை ஒன்றும் இல்லை. 40-ஐ நெருங்கியதும் மூக்கு வட்டத்தைவிட்டு விலக ஆரம்பித்தது. நான் இன்னும் திருப்பினேன். இன்னும் விலகியது. ஸ்டியரிங் கையில் எடையே இல்லாமல் கிடந்தது, டயர் மட்டும் கீச்சிட்டது. பக்கத்தில் இருந்த சார் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று சுற்று போனபிறகு, "கேட்காத காதில் இன்னும் சத்தமாகக் கத்தினால் என்ன பயன்? கையைக் கொஞ்சம் பிரியுங்கள்" என்றார். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்து, ஆக்சிலேட்டரை மெல்லக் குறைத்ததும், மூக்கு தானாக உள்ளே வந்தது. குறைவாகத் திருப்பினால் அதிகமாகத் திரும்புகிறது! இதைப் படித்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பத்து மணிக்குத்தான் என் கார் உள்ளே வந்தது. புது டயர். அதே வட்டம். வேகம் 42 வரை போனது, அவ்வளவுதான். 300 குதிரையும் அந்த வட்டத்தில் வாய் மூடிக்கொண்டு நின்றன. அப்புறம் சார், "மலையில் செய்ததைச் செய்யுங்கள்" என்றார். புரிந்தது. காலை வெடுக்கென்று எடுத்தேன். அதே அசைவு, முதுகுக்குப் பின்னால் அதே நகர்வு, அதே மஞ்சள் விளக்கு. ஆனால் இந்தத் தடவை மினி பஸ் இல்லை, பள்ளத்தாக்கு இல்லை. பத்து தடவை செய்தேன். ஆறாவது தடவையில் இருந்து, வால் நகர்வதற்கு முன்னாலேயே இருக்கையில் தெரிய ஆரம்பித்தது. இடுப்பில் தெரிகிறது, கண்ணில் தெரிவதற்கு முன்னால்.

அதன்பிறகு கணினியை முழுக்க அணைத்துவிட்டுச் செய்யச் சொன்னார். இரண்டு முறை பம்பரமாகச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் நான் ஆடுகளைப் பார்த்தேன், ஆடுகள் என்னைப் பார்த்தன. மூன்றாவதில் எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துவிட்டேன், ஆனால் திருப்பியதைத் திரும்ப எடுக்க மறந்து, வால் மறுபக்கம் போனது. பிடிப்பது பாதி வேலைதானாம். விடுவது மறுபாதி.

கடைசியில் சின்னதாக ஒரு பாதை போட்டு நேரம் பார்த்தோம். ஆறு கோன் 18 மீட்டர் இடைவெளியில் வரிசையாக, அதைப் பாம்பு மாதிரி வளைந்து போய், ஒரு வட்டம், கடைசியில் உள்ளே வந்து நிற்க கோனால் ஒரு பிரேக் பெட்டி. எனக்கு முதல் ஓட்டம் 38.6, இரண்டு கோன், ஆக 42.6. கடைசி ஓட்டம் சுத்தமாக 35.1. சார் தன் ஸ்விஃப்டில் முதல் முயற்சியிலேயே 36.4 போனார் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரே எழுதுவார்.


ஓமலூர் டு டெட்ராய்ட் | ஞாயிறு இரவு 8:20

வாழ்த்துகள். இரண்டு விஷயம்.

ஒன்று, வரிசைக் கோனில் தட்டியது மூன்றாவதும் ஐந்தாவதும்தானே? பந்தயம் கட்டுகிறேன். எல்லோரும் எதிரே இருக்கும் கோனைப் பார்ப்பதால், திருப்பத் தொடங்குவது தாமதமாகிக்கொண்டே போகும். தாமதம் சேர்ந்து சேர்ந்து மூன்றாவதில் தட்டும். 50-ல் 18 மீட்டர் கடக்க ஒண்ணே கால் நொடிதான். கோனைத் தாண்டுவதற்கு முன்னாலேயே அடுத்ததற்குத் திருப்பத் தொடங்கிவிட வேண்டும், கண் அதற்கும் அடுத்ததில் இருக்க வேண்டும்.

இரண்டு, முதல் நாளே கணினியை அணைத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே புது ஆட்களைப் பல வாரம், கணினி முழுக்க அணையாமல் கொஞ்சம் தாமதமாகத் தலையிடும் ஸ்போர்ட் நிலையிலேயே ஓட்டவிடுவோம். விளக்கு மின்னாமல் முழுப் பாதையையும் முடிப்பதுதான் முதல் இலக்கு. மின்னினால் உங்கள் கால் முரடு என்று அர்த்தம். இலவச வாத்தியார் அது, முதல் நாளே ஏன் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்?


பழைய கியர் | திங்கள் காலை 5:50

வாத்தியார் நல்லவர்தான். ஆனால் பரீட்சையில் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவையும் பிடித்து எழுதிவிட்டால் பிள்ளைக்கு என்ன தெரியும்? தம்பியின் கேள்வியே "நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை" என்பதுதானே. வட்டத்தில் மட்டும், 40 வேகத்தில், சுற்றிலும் ஒன்றும் இல்லாத இடத்தில் அணைத்தோம். பாதை ஓட்டும்போது போட்டுவிட்டோம். சாலையில் அணைத்தால் நானே காதைத் திருகுவேன்.


பஸ்காரர் மகன் | திங்கள் காலை 8:40

இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது, ஆனால் அதைச் சொன்னால் இரண்டு பேரும் என்னைத் திட்டுவீர்கள்.

அப்பாவிடம் வீடியோ காட்டினேன். வட்டத்தில் தம்பி கையைப் பிரித்ததைப் பார்த்துத் தலையாட்டினார். வரிசைக் கோனைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஆட்டினா பின் சீட்டுல இருக்கற பாட்டி வாந்தி எடுத்துடும்" என்றார்.


செவ்வாய்ப்பேட்டை பையன் | திங்கள் மதியம் 1:10

டெட்ராய்ட் அண்ணா, மூன்றும் ஐந்தும்தான். எப்படி?

இன்று காலை ஏற்காடு போனேன், வார நாள், காய்ந்த ரோடு, அதே வளைவு. பிரேக்கை முன்பே முடித்து, உள்ளே மெல்லக் கால் வைத்து, 30-ல் வந்தேன். பின்னால் வந்த பால் வேன்காரர் ஹாரன் அடித்து முந்திப்போனார்.


நாகலூர் காபி | திங்கள் மதியம் 1:35

அது எங்கள் வேன். டிரைவரிடம் சொல்லி வைக்கிறேன்.


டயர்க்கடை | திங்கள் மாலை 6:05

சாக்பீஸ் கோடு பார்த்ததில், தம்பி காரில் முன் வெளிப்பக்கம் கோடு பக்கவாட்டுவரை போய்விட்டது. வட்டத்தில் அதிகமாகத் திருப்பியதன் தழும்பு. அடுத்த தடவை முன்னால் 2 பி.எஸ்.ஐ. கூட்டிப் பார்ப்போம், அப்போதும் அப்படியே இருந்தால் தப்பு காற்றில் இல்லை.


குச்சிக்கிழங்கு | செவ்வாய் இரவு 9:30

மாமா கேட்டார், அடுத்தது எப்போது என்று. தின்ற தட்டுவடை செட்டுக்கு இன்னும் யாரும் அத்தைக்குக் காசு தரவில்லை என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.


பழைய கியர் | புதன் காலை 5:45

மூன்று வாரம் கழித்து ஞாயிறு. இந்தத் தடவை ஈரத்தில், வட்டம் மட்டும், வேகம் 30-க்குள். வெள்ளிக்கிழமையே மாவுத்தூளைக் கழுவித் தள்ளிவிட வேண்டும், பசையில் ஓட்டிப் பழகுவதில் அர்த்தமில்லை. தண்ணீர் லாரிக்கு நான் சொல்லிவிட்டேன், ஞாயிறு காலை 5:30-க்கு கேட்டைத் திறந்து வையுங்கள். கோலமாவு ஈரத்தில் கரைந்துவிடும். யாரிடமாவது வெள்ளை பெயிண்ட் மிச்சம் இருக்கிறதா?